ஏற்காட்டு மலைப் பள்ளியில் பாட்டு வகுப்பு: எங்கிருந்து தொடங்குவது, பெற்றோருக்கு என்ன சொல்வது?

கேள்வி: மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு

அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றின் அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் காப்பித் தோட்டங்களிலும் மிளகுத் தோட்டங்களிலும் தினக்கூலிக்கு வேலை செய்பவர்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டின் மீது இருக்கும் ஆசையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மதிய உணவு முடிந்து தட்டுக் கழுவும் இடத்தில் பாடுகிறார்கள். மாலையில் பேருந்துக்கு நிற்கும்போது பாடுகிறார்கள். தேர்வு எழுதி முடித்துத் தாளைக் கொடுக்கக் காத்திருக்கும் நேரத்தில்கூட வாய்க்குள் முணுமுணுக்கிறார்கள். அந்த ஆசைக்கு ஒரு வழி செய்துகொடுக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணி வருகிறேன்.

பள்ளிக்கு இசையாசிரியர் இல்லை. எனக்கும் முறையான பயிற்சி கிடையாது. சிறுவயதில் கோயில் பஜனையில் பாடிய பழக்கமும், ஓரளவு சுருதியில் நிற்கும் குரலும் மட்டுமே உண்டு. சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் பாட்டு வகுப்பு நடத்தத் தலைமையாசிரியர் இசைவு தந்திருக்கிறார். ஆர்மோனியமோ சுருதிப்பெட்டியோ இல்லை. என் கைப்பேசிதான் இருக்கிறது. இந்நிலையில் எந்தப் பாட்டிலிருந்து, எந்த முறையில் தொடங்கலாம் என்று இசையறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எட்டாம் வகுப்புப் பையன்களைப் பற்றியும் ஒரு கவலை இருக்கிறது. சென்ற ஆண்டுவரை கணீரென்று பாடிக்கொண்டிருந்த சிலர், இப்போது குரல் உடைந்து, மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்கவே கூசுகிறார்கள். அவர்களைப் பாட வைக்கலாமா, அல்லது குரல் சீராகும்வரை விட்டுவிட வேண்டுமா?

இவற்றையெல்லாம்விடக் கடினமானது பெற்றோரின் கேள்வி. “பாடினா மார்க்கு வருமா டீச்சர்? நாளைக்கு அது சோறு போடுமா?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். விடியற்காலையில் தோட்டத்துக்குப் போய் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைப்பவர் அப்படிக் கேட்பதில் தவறேதும் இல்லை. அவருக்கு இனிப்பான விடையைவிட உண்மையான விடையைச் சொல்ல விரும்புகிறேன். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடந்துவரும் கலைத் திருவிழாவுக்கு, நன்றாகப் பாடும் ஓரிருவரைத் தயார் செய்வது எங்களால் இயலுகிறது. நான் இங்கே கேட்பது மேடைக்குப் போகாத மற்றப் பிள்ளைகளுக்காக.

மறுமொழி: இசையாசிரியர், சேலம் அஸ்தம்பட்டி

தொடக்கப் பாட்டைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகள் காலை வணக்கத்தில் நாள்தோறும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தையே முதல் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். மனோன்மணீயம் சுந்தரனாரின் வரிகளுக்கு எம்.எஸ்.விசுவநாதன் அமைத்த இசை, மோகன ராகத்தில், மூன்றன் நடையில் (மூன்று மூன்றாக எண்ணும் தாளத்தில்) அமைந்தது. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, 55 வினாடிகளில் அதைப் பாட வேண்டும் என்றும், இசைத்தட்டை ஒலிக்கவிடுவதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே உங்கள் சனிக்கிழமை வகுப்பின் முதல் பயன் திங்கட்கிழமைக் காலையிலேயே பள்ளி முழுவதற்கும் காதில் கேட்கும்.

மோகனத்தைப் பரிந்துரைக்க வேறொரு காரணமும் உண்டு. ச, ரி, க, ப, த என்னும் ஐந்து ஸ்வரங்களே அதில் வருகின்றன. மத்திமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லாததால், அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு இடையே மிக நெருங்கிய இடைவெளி எங்கும் நேர்வதில்லை. பயிலாத காதுக்கும் இந்த ஐந்தும் விரைவில் பிடிபடும். பழந்தமிழர் முல்லைப்பாணி என்று பாடியதும் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. எங்கள் கர்நாடக இசை மரபில் பயிற்சி மாயாமாளவகௌளை என்னும் ராகத்தில், சரளி வரிசை என்னும் ஸ்வரப் பயிற்சியுடன் தொடங்கும். பிறகு ஜண்டை, தாட்டு, அலங்காரம், கீதம் என்று படிப்படியாக வர்ணத்துக்குப் போகும். நாள்தோறும் ஆசிரியர் முன் வந்து உட்காரும் மாணவருக்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை என்றே நான் நம்புகிறேன். வாரம் ஒரு முறை கூடும் ஒரு கூட்டத்துக்கு அதை அப்படியே கொண்டுவந்தால், பாட்டு வரும் முன்பே பிள்ளைகள் போய்விடுவார்கள். முதலில் பாட்டு, அந்தப் பாட்டுக்குள் இருக்கும் ஸ்வரங்களைக் கைவிரலால் சுட்டிக் காட்டுவது அதன் பிறகு.

சுருதிக்குக் கைப்பேசியில் கட்டணமின்றிக் கிடைக்கும் தம்பூரா செயலி போதும். ஐந்து கட்டையை (ஆர்மோனியத்தின் ஐந்தாம் வெள்ளைக் கட்டை, செயலியில் G) ஒட்டி வைத்துப் பாருங்கள்; பெண் பிள்ளைகளுக்கும் குரல் உடையாத பையன்களுக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். பாட்டின் உச்ச இடத்தில் யாராவது கழுத்தை நீட்டிக் கத்துகிறார்கள் என்றால் சுருதி அவர்களுக்கு அதிகம் என்று பொருள். தயங்காமல் அரைக்கட்டை இறக்குங்கள். காலை வணக்கத்தில் பல பள்ளிகளில் நடப்பது என்னவென்றால், முன்னே நிற்கும் ஒரு பெண் தனக்கு வாய்த்த சுருதியில் எடுப்பாள், பின்னால் நிற்கும் பையன்கள் அதை எட்ட முடியாமல் கத்துவார்கள் அல்லது வெறுமனே வாயசைப்பார்கள். சுருதி சேராத பிள்ளை என்று நாம் முத்திரை குத்தும் பலர் உண்மையில் இந்த இடத்தில்தான் தொலைந்து போகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளையிடம் “இதோ இந்த ஸ்வரத்துக்கு வா” என்று சொல்லாதீர்கள். அவனை முதலில் அவனுக்கு வந்த ஏதோ ஒரு ஒலியைப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் போய் அந்த ஒலியில் அவனோடு சேர்ந்து நில்லுங்கள். இரு குரல் ஒன்றாவது எப்படி இருக்கும் என்று அவன் உடம்பு ஒரு முறை அறிந்துவிட்டால், அங்கிருந்து மெல்ல உங்கள் சுருதிக்கு அழைத்து வரலாம். என் அனுபவத்தில் இதற்கு இணங்காத பிள்ளைகள் மிக அரிது.

குரல் உடைந்த பையன்களை விட்டுவிடவே கூடாது. ஏறத்தாழ பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் குரல்வளை வேகமாக வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பேச்சுக்குரல் முடிவில் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (மேல் ச-விலிருந்து கீழ் ச வரையிலான தொலைவு) கீழே இறங்கி நிலைபெறுகிறது. வளர்ந்துவிட்ட நாண்களை இயக்கத் தசைகள் புதிதாகப் பழக வேண்டியிருப்பதால் இடையில் குரல் பிசிறுகிறது, வழுக்குகிறது. சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் இது நீடிக்கும். இந்தக் காலத்தில் அவர்கள் தமக்கு எளிதாக வரும் நான்கைந்து ஸ்வரங்களுக்குள் மெல்லிய குரலில் பாடலாம். பழைய உயரத்தை எட்டும்படி வற்புறுத்தக் கூடாது, கட்டைக்குரலில் அழுத்திப் பேசி ஆண்மை காட்டவும் விடக்கூடாது. வகுப்பின் முதல் நாளிலேயே, நீங்கள் அறிவியல் ஆசிரியை என்பதால், குரல்வளையின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து இதை எல்லோருக்கும் பொதுவாக விளக்கிவிடுங்கள். நடப்பது என்னவென்று தெரிந்த இடத்தில் கேலி குறைகிறது. பெண் பிள்ளைகளுக்கும் இந்த வயதில் குரல் சற்றே மாறிக் காற்றுக் கலந்து ஒலிக்கும். அது நம் கண்ணில் படாமல் போவதால் அவர்களைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தொண்டை கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சூரமங்கலம்

பெற்றோரின் கேள்விக்கு மட்டும் நான் விடை எழுதுகிறேன், அம்மா. பாடினால் மதிப்பெண் கூடும் என்று தயவுசெய்து வாக்குக் கொடுக்காதீர்கள்.

அப்படிச் சொல்ல ஆதாரம் இருப்பதுபோலவே முதலில் தோன்றும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 1,12,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, பள்ளியில் இசை படித்தவர்கள் கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் சராசரியாக மேலான மதிப்பெண் பெற்றிருந்ததைக் காட்டியது. ஆனால் இசை படித்ததால் மதிப்பெண் கூடியதா, ஏற்கெனவே ஊக்கமுள்ள பிள்ளைகள் இசையைத் தேர்ந்தார்களா என்பதை இத்தகைய ஆய்வால் முற்றாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இசைப்பயிற்சி பெற்ற குழந்தைகளையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட பல சோதனைகளைத் தொகுத்து 2020-இல் சாலா, கோபே என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வோ, கட்டுப்பாடு மிகுந்த சோதனைகளில் நினைவாற்றலிலும் படிப்பிலும் பயன் ஏதும் தென்படவில்லை என்ற முடிவுக்கு வந்தது. அறிஞர்களே ஒருமுகமாகச் சொல்லாத ஒன்றை, கூலி வேலை செய்யும் ஒரு தாயிடம் உறுதியாகச் சொல்வது முறையாகாது. நாளை அந்தப் பிள்ளையின் கணக்கு மதிப்பெண் ஏறவில்லை என்றால், முதலில் நிறுத்தப்படுவது பாட்டு வகுப்பாகத்தான் இருக்கும்.

பின் என்ன சொல்வது? கண்ணுக்கு முன்னால் நடப்பதைச் சொல்லுங்கள். வாரந்தோறும் பாடும் பிள்ளை மற்றவர் குரலைக் கேட்டுத் தன் குரலை அடக்கவும் எடுக்கவும் பழகுகிறது. மூச்சை அளந்து ஒரு நீண்ட வரியை முடிக்கப் பழகுகிறது. ழகரமும் ளகரமும் நாவில் திருந்துகின்றன. பத்துப் பேர் முன் நிமிர்ந்து நிற்கும் துணிவு வருகிறது. ஊர்ப்புறப் பள்ளிகளிலிருந்து சேலத்துக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகள் திறமை இருந்தும் வாய் திறக்க அஞ்சி வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதை நான் பல ஆண்டுகளாகக் கண்டு வருந்தியிருக்கிறேன். அந்தத் தாய்க்கு இது புரியும்.

இவை அனைத்துக்கும் மேலாக ஒன்று இருக்கிறது. பதினான்கு வயதில், தேர்வு எண்ணால் மட்டுமே அளக்கப்படும் ஒரு பிள்ளைக்கு, தான் மகிழ்ந்து செய்வது ஒன்றைப் பிறரும் நின்று கேட்கிறார்கள் என்ற அறிவு எவ்வளவு பெரியது என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. கலைக் கல்வியைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பரிந்துரைத்தது. அது இன்னும் பெரும்பாலான பள்ளிகளில் கால அட்டவணையின் ஓரத்தில்தான் இருக்கிறது; பொதுத்தேர்வு நெருங்கும்போது அந்த ஓரமும் கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ போய்விடுகிறது. உங்கள் சனிக்கிழமை ஒரு மணி நேரத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடைசி மாதம் வரை விடாமல் நடத்துங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். வாரத்தின் மற்ற நேரமெல்லாம் தேர்வுக்குத்தானே இருக்கிறது.

மறுமொழி: சேர்வராயன் மலைக்காரன், இப்போது சேலத்தில் வேலை

டீச்சர், வணக்கம். நான் அந்த மலையில் பிறந்து வளர்ந்தவன், மலையாளி பழங்குடி (கேரளத்து மலையாளி இல்லை, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்). இசையாசிரியர் ஐயா சொன்னபடி மோகனத்தில் தொடங்குங்கள். ஆனால் அடுத்த மாதத்துக்குள் பிள்ளைகளின் பாட்டிமாரை வகுப்புக்கு அழைத்து வாருங்கள்.

எங்கள் ஊர்களில் பாட்டு என்பது வேலையோடும் சடங்கோடும் சேர்ந்தே இருந்தது. சாமையும் கேழ்வரகும் விளைந்த காலத்து வேலைப் பாட்டு, தாலாட்டு, கல்யாணப் பாட்டு, சாமி கும்பிடும்போது பாடுவது என்று ஒவ்வொன்றுக்கும் இடமும் நேரமும் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிமார் மலையேறி வந்ததாக எங்கள் பெரியவர்கள் சொல்லும் கதையைக் கேட்டால், அவர்கள் பேச்சே பாட்டின் நடையில் போவதை நீங்கள் உணர்வீர்கள். காப்பித் தோட்டக் கூலி வேலை வந்த பிறகு அந்த வேலைகளும் குறைந்தன, அவற்றோடு வந்த பாட்டும் குறைந்தது. பிள்ளைகள் மேற்படிப்புக்கு மலையிறங்கி விடுதியில் சேர்ந்ததும், வீட்டுப் பாட்டைப் பாடினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று மறைக்கத் தொடங்குகிறார்கள். பள்ளியிலேயே, ஆசிரியர் முன்னிலையில், அந்தப் பாட்டுக்கு மரியாதை கிடைத்துவிட்டால் அவர்கள் மறைக்க மாட்டார்கள். பெற்றோரும் “இது என்ன வகுப்பு” என்று கேட்பதை விட்டு, வகுப்புக்கு வந்து உட்காருவார்கள்.

மூன்று செய்திகளில் கவனம் வேண்டும். ஒப்பாரியைச் சாவு வீட்டுக்கு வெளியே பாடச் சொல்லிக் கேட்காதீர்கள். பெரியவர்கள் மனம் நோவார்கள். சாமிப் பாட்டு சிலவற்றை மேடையில் பாடலாமா கூடாதா என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கைப்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால், பாடுபவரின் இசைவு இல்லாமல் அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அது ஒரு குடும்பத்தின் உடைமை. வைகாசித் திருவிழாவுக்குச் சேர்வராயன் கோயிலில் மலையின் எல்லா ஊர்க்காரர்களும் கூடுவார்கள். எந்தெந்த ஊரில் யார் நன்றாகப் பாடுவார்கள் என்று அங்கே விசாரித்தாலே தெரிந்துவிடும்.

மறுமொழி: தேவாலயப் பாடகர் குழு நடத்துநர், ஏற்காடு

குரல் உடைந்த பையன்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. எங்கள் குழுவில் அவர்களைத் தனியே ஒதுக்காமல், மற்றவர்கள் பாட்டைப் பாடும்போது அவர்கள் ஷட்ஜத்தையோ (ச) பஞ்சமத்தையோ (ப) நீட்டிப் பிடித்து நிற்கும்படி செய்வேன். குழுவின் அடித்தளம் தங்கள் குரலில்தான் நிற்கிறது என்று தெரிந்தவுடன் அவர்கள் கூச்சம் போய்விடுகிறது. மோகனத்துக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு: அதன் ஐந்து ஸ்வரங்களில் எந்த இரண்டு ஒன்றாக ஒலித்தாலும் காதை உறுத்தாது. எனவே எளிய மோகனப் பாட்டு ஒன்றை எடுத்து, ஒரு குழு தொடங்கிய பின் ஒரு வரி தள்ளி அடுத்த குழுவைத் தொடங்கச் செய்து பாருங்கள். வாத்தியம் ஏதும் இல்லாமலே அறை நிறைந்துவிடும்.

மறுமொழி: இசைப்பள்ளி முன்னாள் மாணவி, சேலம்

பாட்டையே படிப்பாக எடுக்க விரும்பும் பிள்ளை ஒன்றிரண்டு எப்படியும் வரும் என்பதால், வழிகளை எழுதி வைக்கிறேன். கலை பண்பாட்டுத் துறையின் கீழ் சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, பரதநாட்டியம், வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம் ஆகியவற்றில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. 12 முதல் 25 வயது வரை சேரலாம். பள்ளிப் படிப்போடு சேர்த்து நடத்த இயலுமா என்பதைச் சேரும் முன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதே துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கு விடுமுறை நாட்களில் பயிற்சி உண்டு. மாவட்ட அளவில் 18 வயதுக்கு உட்பட்டோருக்குக் ‘கலை இளமணி’ விருதும் வழங்குகிறார்கள். 10 முதல் 14 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் சி.சி.ஆர்.டி. நிறுவனம் கலைத்திறன் உதவித்தொகை தருகிறது. மலைவாழ் கலைகளுக்கும் அதில் இடம் உண்டு. மேற்படிப்புக்கு நமக்குப் பக்கத்தில் இருப்பது கோவை அரசு இசைக் கல்லூரி.

ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, வாரந்தோறும் ஒரு பிள்ளை தனியாகச் சேலம் வந்து போவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். பேருந்துச் செலவும் கூட வருபவரின் ஒரு நாள் கூலியும் சேர்ந்தால் பல வீடுகளுக்கு அது தாங்காது. அதனால்தான் உங்கள் பள்ளியிலேயே நடக்கும் வகுப்பை, ஊரில் இருக்கும் மற்ற எல்லா ஏற்பாட்டையும்விட நான் பெரிதாக நினைக்கிறேன்.

மறுமொழி: மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு

அனைவருக்கும் என் நன்றி. வரும் சனிக்கிழமை தமிழ்த்தாய் வாழ்த்தோடும் குரல்வளைப் படத்தோடும் தொடங்குகிறேன். அந்தத் தாயிடம் தலைமையாசிரியர் ஐயா எழுதியதையே சொல்லப் போகிறேன். மதிப்பெண்ணைப் பற்றி எந்த வாக்கும் தர மாட்டேன். தன் மாமியாருக்கு நிறையப் பாட்டுத் தெரியும் என்று அவரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். பாட்டிமாரை அழைப்பதை அந்த வீட்டிலிருந்தே தொடங்கலாம். இசையாசிரியரிடம் ஒரே ஒரு ஐயம்: பாட்டிமார் பாடும்போது சுருதிச் செயலியை ஒலிக்கவிடலாமா? அவர்கள் எடுக்கும் இடம் ஐந்து கட்டைக்கு மிகவும் கீழே இருக்கிறது.

மறுமொழி: இசையாசிரியர், சேலம் அஸ்தம்பட்டி

வேண்டாம். அவர்கள் பாடத் தொடங்கிய பின், அவர்கள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, தேவையானால் செயலியை அந்த இடத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் இசையில் சில ஸ்வரங்கள் நம் ஆர்மோனியக் கட்டைகளுக்கு நடுவே நிற்கும்; அதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடாமல், பிள்ளைகள் கேட்டபடியே பாடட்டும். தாழ்ந்த சுருதி என்பதால் குரல் உடைந்த பையன்களுக்கு அந்தப் பாட்டு உடனே வரும். அன்றைய வகுப்பில் முதலில் பாட அந்தப் பையன்களையே அழையுங்கள்.